இறவா வாழ்வு, அழியா ஆட்சி: டோல்கீன் கதையில் ஒரு பழைய தூண்டில்

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒரு தந்தை தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். பையன் பிளஸ் டூ படிக்கிறான். அவனிடமிருந்து வாங்கிய தடிமனான ஆங்கில நாவல் ஒன்று தந்தையின் கையில் இருந்தது. மந்திரவாதி, மாய மோதிரம், அரக்கர் கூட்டம், பேசும் மரம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறதே, இதையெல்லாம் படித்தால் பிள்ளையின் ஈமான் என்னாகும் ஹஜ்ரத் என்பது அவருடைய கவலை. பையன் தலையைக் குனிந்தபடியே ஒன்று சொன்னான். அந்தக் கதையைப் படிக்கும்போது தனக்கு இப்லீஸின் நினைவுதான் திரும்பத் திரும்ப வந்தது என்றான்.

தந்தையின் கவலை நியாயமானது. மகன் சொன்னதும் சரியானதே. அந்த நாவல் தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ். எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். மதரஸாவில் ஓதி முடித்துக் கலைப் பட்டப் படிப்புக்குச் சேர்ந்த காலத்தில் நாமும் அந்த நூலைச் சற்றுத் தயக்கத்தோடுதான் கையில் எடுத்தோம். அன்று பள்ளிவாசல் வராந்தாவில் நின்றபடி சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே முறை.

யதீமாக வளர்ந்தவர்

ஜான் ரொனால்ட் ருவெல் டோல்கீன் 1892 ஜனவரி 3 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டெய்ன் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் அங்கே வங்கி மேலாளர். 1895-இல் தாய் மேபல், ரொனால்டையும் அவருடைய தம்பி ஹிலாரியையும் அழைத்துக்கொண்டு சொந்த நாடான இங்கிலாந்துக்கு வந்தார். பின்னால் வந்து சேர்வதாக இருந்த தந்தை வரவேயில்லை. 1896 பிப்ரவரியில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். அப்போது ரொனால்டுக்கு வயது நான்கு.

பர்மிங்ஹாம் நகருக்கு வெளியே சேர்ஹோல் என்ற சிற்றூரில் தாய் குடியேறினார். ஆற்றங்கரையில் ஒரு மாவு ஆலை, சுற்றிலும் வயலும் மரங்களும். பிள்ளைக்கு லத்தீன் மொழியையும் செடிகொடிகளை வரையும் கலையையும் தாயே வீட்டில் கற்றுக்கொடுத்தார். 1900-இல் அவர் கத்தோலிக்க மதப் பிரிவைத் தழுவினார். புராட்டஸ்டண்ட் மரபைச் சேர்ந்த உறவினர்கள் கடும் கோபம் கொண்டார்கள். அவர்களிடமிருந்து வந்துகொண்டிருந்த பண உதவியும் நின்றது. வறுமையோடு சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. 1904 நவம்பரில், 34 வயதில் அவர் இறந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட அப்போது இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. தம் நம்பிக்கைக்காகவே தாய் உயிரைக் கொடுத்தார் என்ற எண்ணம் டோல்கீனை விட்டுக் கடைசிவரை நீங்கவில்லை.

பன்னிரண்டு வயதில் தாயும் தந்தையும் இல்லாமல் நின்ற அந்தப் பிள்ளைக்குப் பிரான்சிஸ் மோர்கன் என்ற பாதிரியார் பொறுப்பாளர் ஆனார். யதீம்களின் பொருளை உண்பவர்களைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் அறிவோம். இந்தப் பாதிரியாரோ தாய் விட்டுச்சென்ற சிறு தொகை போதாது என்று கண்டு, தம் கைப்பணத்தையும் சேர்த்து அந்தச் சகோதரர்களை வளர்த்தார். நல்லதை யாரிடம் கண்டாலும் நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

பதினாறு வயதில் டோல்கீன், எடித் என்ற பெண்ணை விரும்பினார். அவரும் தாயை இழந்தவர். படிப்பு கெடும் என்று கருதிய பாதிரியார், 21 வயது நிறையும்வரை அந்தப் பெண்ணோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று தடை விதித்தார். மனம் கசந்தாலும், தம்மை வளர்த்தவரின் சொல்லுக்கு டோல்கீன் கட்டுப்பட்டார். 21-ஆம் பிறந்தநாள் பிறந்த இரவில்தான் அவருக்குக் கடிதம் எழுதினார். 1916 மார்ச்சில் திருமணம் நடந்தது. மணமகன் அப்போது இராணுவ அதிகாரி. சில வாரங்களில் போர்முனைக்குப் போக வேண்டியவர்.

ஒருவரைத் தவிர எல்லாரும்

பள்ளி நாட்களில் டோல்கீனுக்கு மூன்று உயிர்த்தோழர்கள் இருந்தார்கள். ராபர்ட் கில்சன், ஜெஃப்ரி ஸ்மித், கிறிஸ்டோபர் வைஸ்மன். கவிதை, மொழி, ஓவியம் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். உலகுக்கு ஏதோ ஒரு நன்மையைச் சேர்ந்து செய்யப்போகிறோம் என்று நம்பியிருந்தார்கள்.

1916 ஜூலை 1 அன்று பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியில் பெரும் தாக்குதல் தொடங்கியது. அந்த ஒரே நாளில் 19,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் படையினர் மாண்டார்கள். அவர்களில் கில்சனும் ஒருவர். டோல்கீன் அதே போர்முனையில் தகவல் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றினார். பேன் கடியால் பரவும் அகழிக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. நவம்பரில் நாடு திரும்பினார். டிசம்பரில், குண்டுச் சிதறல் பட்ட புண்ணால் ஸ்மித்தும் இறந்தார். தாம் இறந்துவிட்டால், நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்ல நினைத்ததை டோல்கீன் சொல்ல வேண்டும் என்ற கருத்தில் ஸ்மித் முன்பே ஒரு கடிதம் எழுதியிருந்தார். 1918-இல் போர் முடிந்தபோது, தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் இறந்திருந்தார்கள் என்று பின்னாளில் டோல்கீன் பதிவு செய்தார்.

காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அவர் நோட்டுப் புத்தகங்களில் சில கதைகளை எழுதத் தொடங்கினார். அவைதாம் பிற்காலத்தில் சில்மரில்லியன் என்ற பெரும் புராணமாக வளர்ந்தன. அவர் உயிரோடிருந்தவரை அந்நூல் வெளிவரவில்லை. அவர் மகன் கிறிஸ்டோபர் அதைத் தொகுத்து 1977-இல் வெளியிட்டார்.

போருக்குப் பின் டோல்கீன் சில காலம் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிப் பணியிலும், பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் இருந்தார். 1925 முதல் 1959-இல் ஓய்வு பெறும்வரை ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். பழைய ஆங்கிலமும் வடஐரோப்பியக் காவியங்களும் அவருடைய துறை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில், வளையில் வாழும் ஹாபிட் என்ற சிற்றுயிரைப் பற்றி ஒரு வரி எழுதினார். அது வளர்ந்து 1937-இல் தி ஹாபிட் என்ற நூலானது. அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதி முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

இந்த நாவல் அதிகாரத்தைப் பற்றியது என்றே பலர் எண்ணினார்கள். டோல்கீனோ தம் கடிதங்களில் வேறு விதமாக விளக்கினார். தம் கதையின் உள்ளே இருப்பது மரணமும், மரணத்திலிருந்து தப்பிக்கத் துடிக்கும் ஆசையுமே என்றார். நான்கு வயதில் தந்தையையும், பன்னிரண்டில் தாயையும், இருபத்து நான்கில் தோழர்களையும் இழந்தவருக்கு இது ஏட்டில் படித்த விஷயம் அல்ல.

தாஹா சூராவில் உள்ள இரண்டு ஆசைகள்

ஆதம் (அலை) அவர்களைச் சுவனத்தில் குடியமர்த்திய அல்லாஹ், அங்கே பசியும் தாகமும் வெயிலும் இல்லை என்று அறிவித்தான். ஒரே ஒரு மரத்தை மட்டும் நெருங்க வேண்டாம் என்றான். எல்லாம் கிடைத்திருந்த ஒருவரிடம் ஷைத்தான் எதைக் காட்டி ஆசையூட்ட முடியும்? தாஹா சூரா இரண்டைச் சொல்கிறது. ஒன்று, என்றும் வாழவைக்கும் மரம். மற்றொன்று, என்றும் அழியாத ஆட்சி. இறவா வாழ்வு, அழியா ஆட்சி ஆகிய இந்த இரண்டும்தான் மனிதனுக்கு முதன்முதலில் வீசப்பட்ட தூண்டில். அஃராஃப் சூராவிலும் இதே செய்தி வருகிறது. மரம் தடுக்கப்பட்டதே, நீங்கள் மலக்குகளாகவோ நிரந்தரமாக வாழ்பவர்களாகவோ ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று அவன் பொய் சொன்னான்.

டோல்கீனின் புராணத்தில் நூமெனோர் என்றொரு தீவு வருகிறது. தீமைக்கு எதிராக நின்ற மனிதர்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட நாடு. நீண்ட ஆயுள், செல்வம், கல்வி, கப்பல் படை என எல்லாம் அவர்களுக்கு உண்டு. தடை ஒன்றே ஒன்றுதான். மேற்கே, தங்கள் கரை கண்ணுக்கு மறையும் தூரம்வரை கப்பல் செலுத்தக் கூடாது. அங்கே இறவாதவர்கள் வாழும் நிலம் இருக்கிறது.

தலைமுறைகள் கடந்தன. ஆயுள் நீண்டிருந்தும் மரண பயம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. இறந்தவர்களுக்குப் பெரிய பெரிய கல்லறைகளைக் கட்டினார்கள். உடலைக் கெடாமல் காக்கும் வழி தேடினார்கள். என்றென்றும் வாழப்போவதுபோல் கோட்டை கட்டிய ஆது சமுதாயத்தை ஹூத் (அலை) கண்டித்த செய்தியை ஷுஅரா சூராவில் ஓதியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

தீமையின் தலைவனான சௌரான் அந்தத் தீவுக்குக் கைதியாக வருகிறான். சில ஆண்டுகளில் மன்னனின் ஆலோசகன் ஆகிவிடுகிறான். படைத்தவனை மறக்கச் செய்கிறான். இருளின் அதிபதிக்குக் கோயில் கட்டி மனிதர்களைப் பலியிட வைக்கிறான். மன்னன் முதுமையடைந்து நடுங்கும் நேரத்தில், மேற்கு நிலத்தைக் கைப்பற்றுபவனுக்கு மரணமே இல்லை என்று காதில் ஓதுகிறான். இறவாமையும் ஆட்சியும் அங்கே ஒன்றாகவே வருகின்றன. அந்த மன்னனின் பெயர் அர்-ஃபராஸோன். ஒலியைக் கேட்டால் நமக்கு ஃபிர்அவ்ன் நினைவு வரலாம். டோல்கீன் தாம் உருவாக்கிய மொழியில் அதற்குப் பொன்னானவன் என்றே பொருள் வைத்தார். முடிவு என்னவோ ஃபிர்அவ்னின் முடிவுதான். மன்னன் படையோடு அழிந்தான், நாடே கடலுக்குள் போனது. இறைவனை மறவாத சிலர் மட்டும் ஒன்பது கப்பல்களில் தப்பினார்கள். நூஹ் (அலை) அவர்களின் கப்பலை நினைக்காமல் அந்தப் பக்கத்தை நம்மால் கடக்க முடியவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த மேற்கு நிலத்துக்கு யாரையும் சாகாமல் வைக்கும் ஆற்றலே கிடையாது. சாகாதவர்கள் அங்கே வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். சுவனத்து மரத்திலும் நிரந்தர வாழ்வு இருக்கவில்லை. இரண்டு இடத்திலும் தூண்டிலில் இருந்தது வெறும் பொய்.

மோதிரமும் பதவியும்

மோதிரக் கதையிலும் இதே தூண்டில்தான். சௌரான் செய்த மோதிரம், பிறரை அடக்கி ஆளும் வலிமையைத் தருகிறது. வைத்திருப்பவனின் ஆயுளையும் நீட்டுகிறது. ஆனால் அவன் வாழ்வு வளர்வதில்லை. சலிப்போடு இழுபட்டுக்கொண்டே போகிறது. மோதிரங்களைப் பெற்ற ஒன்பது மனிதர்கள் வாழவும் முடியாமல் சாகவும் முடியாமல் நிழல்களாய் அலைகிறார்கள். கோல்லும் என்ற பாத்திரம் மோதிரத்தைப் பல நூற்றாண்டுகள் இருட்டுக் குகையில் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்து, தன் பெயரையே மறந்துபோகிறது. தான் சேர்த்த பொருள் தன்னை என்றும் நிலைத்திருக்கச் செய்யும் என்று எண்ணுபவனைப் பற்றி ஹுமஸா சூரா பேசுகிறதல்லவா, அந்த மனிதனின் உருவம்தான் கோல்லும்.

மோதிரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது கதையின் அறிவாளிகள் அதை ஏற்க மறுக்கிறார்கள். நன்மை செய்யும் எண்ணத்தோடு எடுத்தாலும் அது தங்களைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அதைச் சுமப்பவன் ஃப்ரோடோ என்ற எளிய ஹாபிட். அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை. அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்த உபதேசம் இங்கே நினைவுக்கு வருகிறது. பதவியைக் கேட்டுப் பெற்றவர் அதனிடமே விடப்படுவார், கேட்காமல் பெற்றவருக்கு உதவி கிடைக்கும் என்பது அதன் கருத்து. நம் ஜமாஅத் நிர்வாகத் தேர்தல்களுக்கும் பொருந்தும் பாடம் இது.

கடைசியில் ஃப்ரோடோவும் தோற்றுப்போகிறான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மோதிரத்தை நெருப்பில் எறிய வேண்டிய நொடியில் அவனால் எறிய முடியவில்லை. அதைத் தனதாக்கிக்கொள்கிறான். கோல்லும் பாய்ந்து அதைப் பறித்து, நெருப்புக்குள் விழுவதால்தான் காரியம் முடிகிறது. கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் முன்பு கோல்லுமை இரக்கப்பட்டு விட்டிருந்ததுதான் அப்படியொரு முடிவுக்கு வழி திறந்தது. மனிதன் தன் பலத்தால் நஃப்ஸை வென்றுவிடுவதில்லை, அல்லாஹ்வின் தவ்ஃபீக் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் வந்து நிற்கும் இடம் இது.

எங்கே பிரிகிறோம்

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் டோல்கீனை இஸ்லாத்தின் பக்கம் இழுத்துவிடக் கூடாது. அவர் உறுதியான கத்தோலிக்கர். பைபிளில் உள்ள ஆதியாகமமும் வடநாட்டுக் கதைகளும்தான் அவருடைய ஊற்று. அந்த மரபிலும் நம் மரபிலும் ஆதமும் நூஹும் இருப்பதால் இந்த ஒற்றுமை வருகிறது.

வேறுபாடுகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அவர் படைத்த உலகில் இறைவன் ஒருவனே. ஒற்றைக் கட்டளையால் உலகை உண்டாக்குகிறான். நமக்குக் குன் என்ற சொல் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவனுக்குக் கீழே உள்ள வானவர் போன்றோர் உலகை வடிவமைக்கவும் ஆளவும் பங்கு பெறுகிறார்கள். நம் அகீதாவில் மலக்குகள் ஏவியதைச் செய்பவர்கள் மட்டுமே. அவருடைய மெல்கோர் அந்த வானவர்களில் பெரியவன். இப்லீஸோ ஜின் இனத்தவன் என்று கஹ்ஃப் சூரா தெளிவாகச் சொல்கிறது. ஆதமின் பாவம் பிள்ளைகளைத் தொடர்கிறது என்பது டோல்கீனின் மதம். ஆதம் (அலை) தவ்பா செய்தார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்பது நம் ஈமான்.

சூனியம் ஹராம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கதையில் மந்திரவாதி வருவதும் சூனியம் செய்வதும் ஒன்றல்ல. மிருகங்கள் பேசும் கலீலா வ திம்னாவை அரபியில் தந்தவர் இப்னுல் முகஃப்பஃ. மதரஸாக்களில் நாம் ஓதும் மகாமாத்தில் வரும் அபூ ஸைத், ஹரீரி கற்பனை செய்த ஆள்தான். அதன் முன்னுரையிலேயே, மிருகங்களைப் பேசவைத்துக் கருத்துச் சொன்ன கதைகளைக் காட்டி ஹரீரி தம் கற்பனைக்கு நியாயம் கேட்கிறார்.

டோல்கீனின் கதையில் தெற்கிலிருந்து யானைகளோடு வரும் கறுத்த நிறத்தவர் எதிரிப் படையில் நிற்பது நம்மில் சிலருக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தல் நியாயமானதே. அதே நேரம், அப்படி ஒருவனின் சடலத்தைப் பார்க்கும் சாம் என்ற பாத்திரம், இவன் உண்மையில் கெட்டவன்தானா, எந்தப் பொய் இவனை வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று எண்ணி வருந்துவதையும் வாசித்துவிட வேண்டும். போர்க்களத்தில் பிணங்களை நேரில் பார்த்தவர் எழுதிய இடம் அது.

கதவுக்கு முன்னால்

1971 நவம்பரில் எடித் இறந்தார். கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே லூத்தியன் என்று பொறிக்கச் சொன்னார் டோல்கீன். அவருடைய புராணத்தில், மரணமில்லா இனத்தில் பிறந்தும், மனிதக் கணவனோடு வாழ்ந்து இறப்பதற்காக அந்த இறவாமையை விட்டுக்கொடுத்த பெண் லூத்தியன். 1973 செப்டம்பர் 2 அன்று, 81 வயதில் டோல்கீனும் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் வுல்வர்கோட் மயானத்தில் அதே கல்லில், அந்தக் கணவனின் பெயரான பேரன் என்பது அவர் பெயருக்குக் கீழே சேர்க்கப்பட்டது.

மரணத்தை மனிதனுக்கு இறைவன் தந்த கொடை என்றே தம் புராணத்தில் அவர் எழுதினார். அதைச் சாபமாக நினைக்க வைத்ததே தீயவனின் வேலை என்றார். ஆனால் இறந்த மனிதன் எங்கே போகிறான் என்பதை அந்தக் கதை சொல்வதில்லை. கதை அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. கதவுக்கு அப்பால் என்ன என்பதை வஹீ நமக்கு அறிவித்துவிட்டது. கப்ரும் பர்ஸக்கும், மஹ்ஷரும் விசாரணையும், அதன்பின் உண்மையாகவே முடிவில்லாத வாழ்வும் உண்டு. ஷைத்தான் மரத்தைக் காட்டிப் பொய்யாக விற்ற அதே பொருளை, அல்லாஹ் தனக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு மறுமையில் மெய்யாகவே தருகிறான்.

அன்று அந்தப் பையனிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தொழுகை நேரத்தில் மூடிவை, படித்து முடித்ததும் தாஹா சூராவின் கடைசிப் பகுதியைத் தர்ஜுமாவோடு ஒருமுறை ஓது, இரண்டிலும் கண்டதை அத்தாவிடம் உட்கார்ந்து சொல் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். தந்தை கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். பிள்ளை என்ன படிக்கிறான் என்று கவலைப்படும் தந்தை, அவனோடு உட்கார்ந்து பேசவும் தொடங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

இறவாமை என்ற ஆசையும் ஆட்சி என்ற ஆசையும் நம் உள்ளங்களை ஏமாற்றிவிடாமல் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.